மூக்கம்மாவின் நாத்தனார்

படுக்கை விரிப்புக்கு நான்கு முனை உண்டு. அவள் எடுப்பது எப்போதும் கால்மாட்டு முனையைத்தான். அதை இரண்டாக மடித்து, மூக்கிலிருந்து ஒரு சாண் தள்ளிப் பிடித்துக்கொண்டு, கண்ணை மூடிச் சும்மா நிற்பாள். மூச்சை இழுக்கக் கூடாது என்பது அவள் கட்சி. "நீ இழுத்தா உன் மூக்கு வாடைதான் உனக்குத் தெரியும். அதுவா வரட்டும். வந்தா உக்காரச் சொல்லு, போனா விட்டுடு." மூன்று நொடி ஆகும். பிறகு கண்ணைத் திறந்து, காதிடுக்கில் செருகிய பென்சிலை உருவி, சீட்டில் எழுதுவாள்: "வாடை: தலைக்கு வைக்கும் எண்ணெய், பழசு. காரணம்: உறை போடாத தலையணை. செய்ய வேண்டியது: வெந்நீர், இரண்டு அலசல்." அடுத்த விரிப்பு.

அந்தச் சலவை நிலையத்துக்கு மூன்று விடுதிகள், ஒரு மருத்துவமனை, மீன் சந்தை, முந்நூறு வீடுகளிலிருந்து துணி வருகிறது. பின்வாசலில் லாரி இறக்கும் மூட்டைக்கும் உள்ளே உறுமும் இயந்திரங்களுக்கும் நடுவில் ஒரு நீள மேசை. பதினான்கு வருடமாக அந்த மேசைதான் அவள் ராஜ்ஜியம். பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும் உயிரோடு இருக்கிறது. மேலாளர் முதல் லாரி ஓட்டுநர் வரை எல்லோருக்கும் அவள் மூக்கம்மா. கேலிக்கு வைத்த பெயர்தான். அவள் அதைப் பட்டமாக வாங்கிக்கொண்டாள்.

அவளிடம் வாடைக்கு இருக்கிற சொற்கள் வேறு யாரிடமும் இல்லை. கவிச்சி வேறு, வீச்சம் வேறு. முடை வேறு, புழுக்கம் வேறு. சூடு பட்டால் மட்டும் வாய் திறக்கிற வாடைக்கு "ஊமை வாடை" என்று அவளே பெயர் வைத்தாள். இஸ்திரிப் பெட்டி ஏறும்வரை அது மூச்சு விடாது. ஆனால் ஒரு சொல்லை மட்டும் மேசைப்பக்கம் அண்டவிட மாட்டாள். யாராவது சீட்டில் "நாத்தம்" என்று எழுதிவிட்டால் கிழித்துப் போட்டுவிடுவாள். "நாத்தம்ங்கறது வாடையோட பேரில்ல. உன் எரிச்சலோட பேரு. என்ன மாதிரி நாத்தம், எங்கேர்ந்து வருது, எத்தனை நாளா இருக்கு, அதை எழுது."

வாசனைத் தண்ணீரும் அவளுக்கு ஆகாது. விடுதிக்குப் போகும் துண்டுகளில் பூவாசனை தெளிக்கலாமே என்று மேலாளர் ஒருமுறை யோசனை சொன்னார். மூக்கம்மா தலையாட்டிக் கேட்டுவிட்டுச் சொன்னாள்: "வாடைக்கு மேல வாசனை போடறது, திருடனுக்கு மாப்பிள்ளை வேஷம் கட்டற மாதிரி சார். திருட்டுப் புத்தி போகாது. மரியாதைதான் கூடும்." தெளிப்பான் வாங்கும் யோசனை அன்றோடு போயிற்று.

வீட்டில் கதை வேறு. கடவுளுக்கும் கேலிப் புத்தி உண்டு என்பதற்கு அவள் புருஷன்தான் சாட்சி. பேருந்து ஓட்டுகிறவர். எட்டு வருடத்துக்கு முன்னால் ஒரு திடீர் பிரேக்கில் முகம் ஸ்டீரிங்கில் மோதியது. மூக்கு நேராகிவிட்டது, மோப்பம் திரும்பவில்லை. "எனக்கு ரோஜாவும் ஒண்ணுதான், சாக்கடையும் ஒண்ணுதான். ரெண்டுக்கும் சம மரியாதை" என்பார். பால் திரிந்ததா, அடுப்பில் ஏதும் கருகுகிறதா, சட்டையை இன்னொரு நாள் போடலாமா, எல்லாவற்றுக்கும் அவர் சமையலறைப் பக்கம் திரும்பிக் குரல் கொடுப்பார். மகள் வெளியூர் விடுதியில் தங்கிப் படிக்கிறாள். இரண்டே பேர் இருக்கும் வீட்டில் இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரே மூக்கு. இருபத்தோரு வருடக் குடித்தனம் அப்படித்தான் ஓடுகிறது.

இந்த மூக்குக்கு ஒரு நல்ல காலமும் வந்தது. விடுதிக்காரர்கள் எதிலும் குறை சொல்லத் தொடங்கியதால், நிலையத்தில் புதிதாக ஓர் அறை கட்டினார்கள். பலகையில் "தர ஆய்வு அறை" என்று எழுதியிருக்கிறது. வாயில் வழங்குவது மோப்ப அறை. ஆறடிக்கு எட்டடி. கண்ணாடிச் சுவர். வெளிவாடை கலக்கக் கூடாது என்று ஜன்னல் கிடையாது, மின்விசிறி கிடையாது, கதவை எந்நேரமும் சாத்தி வைக்க வேண்டும். உள்ளே ஒரே ஒரு பெஞ்சு. துவைத்து வந்த துணியை இரண்டு பேர் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து மோந்து பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். தலைமைப் பொறுப்பு மூக்கம்மாவுக்கு. கூட உட்கார, இஸ்திரிப் பிரிவிலிருந்து ஒருத்தி. அவளை எல்லோரும் இஸ்திரி என்றே கூப்பிடுவார்கள். பெட்டியும் சூடு, வாயும் சூடு. மூக்கம்மா விடுப்பெடுக்கும் நாளில் மேசையைப் பார்த்துக்கொள்பவள் அவள்தான்.

இப்படி ஓர் அறை வேண்டும் என்று பதினான்கு வருடமாகக் கேட்டுக்கொண்டிருந்தவள் மூக்கம்மா. "யோசிச்சுச் சொல்றேன் சார்" என்றாள். மேலாளருக்குத் தன் காதையே நம்ப முடியவில்லை. "இதுல யோசிக்க என்னம்மா இருக்கு? திங்கட்கிழமைக்குள்ள சொல்லுங்க. இல்லேன்னா வெளியிலேர்ந்து ஆள் எடுக்க வேண்டியிருக்கும்."

யோசிக்க இருந்தது. ஆறு வாரமாக அவளிடமிருந்தே ஒரு வாடை வந்துகொண்டிருந்தது.

மாதவிலக்கு முடிந்த நாலாம் நாள் அவள் முதலில் கவனித்தாள். அந்த இடத்துக்கென்று ஒரு வாடை உண்டு என்பது அவளுக்குத் தெரியாததல்ல. புளித்த மாவு மாதிரி லேசாக இருக்கும். மாதவிலக்கு நாளில் இரும்புத் துரு மாதிரி இருக்கும். பன்னிரண்டு மணி நேரம் நின்று வேலை பார்த்த நாளில் வியர்வையும் சேரும். அவையெல்லாம் வீட்டு ஆட்கள். வரும், போகும், யாரும் கணக்கில் வைப்பதில்லை. இது வேறு. கவிச்சி. மெல்லிசாக, சாம்பல் நிறத்தில் கசிவும் கூட. துணிமூட்டையில் வந்திருந்தால் மூன்று நொடியில் சீட்டு எழுதியிருப்பாள். தன்னிடமிருந்து வந்தபோது அவள் மனதில் ஒரே ஒரு சொல்தான் எழுந்தது. பதினான்கு வருடமாகக் கிழித்துப் போட்ட அதே சொல்.

துவைக்கிறவளுக்கு உலகத்தில் எல்லாமே அழுக்குதான். ஆகவே துவைத்தாள். ஒரு வேளைக் குளியல் மூன்று வேளையானது. வாழ்க்கையில் முதல்முறையாகப் பூவாசனைச் சோப்பு வாங்கினாள். கடைக்காரர் எந்தப் பூ என்று கேட்டதற்கு "எது சத்தமா இருக்கோ அது" என்றாள். சோப்பு தோற்றது. புண்ணைக் கழுவும் மருந்துத் தண்ணீரைக் கலந்து பார்த்தாள். அதுவும் தோற்றது. கடைசியில் தொழில் ரகசியத்துக்கே போனாள். மீன் சந்தைக்காரர்களின் மேலங்கிகளுக்கு நிலையத்தில் ஒரு கைமுறை உண்டு: கடைசி அலசலில் வாளிக்கு அரை டம்ளர் வினிகர். கவிச்சி ஓடியே போகும். மேலங்கிக்கு ஆகும் மருந்து தனக்கும் ஆகும் என்று அதே அளவில் கலந்து, வெளியே மட்டுமல்ல, உள்ளேயும் பீய்ச்சி அலசினாள். இரண்டு நாள் அடங்கியது. மூன்றாம் நாள் படையைத் திரட்டிக்கொண்டு திரும்பி வந்தது. கூடவே எரிச்சல்.

வேறு யாராவது ஒரு பட்டுத் துணியை இந்தப் பாடு படுத்திக் கொண்டுவந்திருந்தால், மூக்கம்மா அவர்களை மேசைக்கு முன்னால் நிறுத்திவைத்துக் கேட்டிருப்பாள். அவளை நிறுத்திக் கேட்க யாரும் இல்லை.

நிலையத்தில் அவள் நடமாட்டம் மாறியது. எல்லோரும் வட்டமாக உட்கார்ந்து சாப்பிடும் இடத்தை விட்டு, கொதிகலன் பக்கத்தில் தனியாகச் சாப்பிட்டாள். அங்கே நீராவியும் எண்ணெய்ப் புகையுமாக இருக்கும், எந்த மூக்கும் வேலை செய்யாது. யார் பேச வந்தாலும் ஒரு கை தூரம் பின்வாங்கினாள். பேருந்தில் கடைசி வரிசை, ஜன்னலோரம். இஸ்திரி இதற்குத் தன் அகராதியில் பொருள் எடுத்துக்கொண்டாள். "ரூம் வரப்போகுதுன்னதும் மகாராணிக்கு நம்மகூட உக்காந்து சாப்பிட முடியலை பாத்தியா" என்று மடிப்புப் பிரிவில் எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னாள். மூக்கம்மா மறுக்கவில்லை. தலைக்கனம் என்றே இருக்கட்டும். அதற்கு வாடை கிடையாது.

ஆனால் ஆறடி எட்டடி அறையில், சாத்திய கதவுக்குள், மோப்பத்துக்காகவே சம்பளம் வாங்கும் ஒருத்தியோடு தோள் உரச உட்கார்ந்து எதை மறைக்க முடியும்? தண்ணீருக்குள் இருந்துகொண்டு நனையாமல் இருப்பதாகச் சொல்வது போலத்தான்.

அவளுக்கு இன்னொரு சந்தேகமும் இருந்தது. தொழிலில் படித்த சந்தேகம். "பழகின மூக்கு பொய் சொல்லும்" என்று அவளே சொல்வதுண்டு. இல்லாததை இருக்கிறதென்றும் சொல்லும், இருப்பதை இல்லையென்றும் சொல்லும். இது நிஜமா, தன் மனப்பிராந்தியா என்று தெரிய வேறொரு மூக்கு வேண்டும். வீட்டில் இருந்த மூக்கு ஸ்டீரிங்கோடு போயிற்று. மிச்சம் இருந்தது ஒன்றுதான்.

வியாழக்கிழமை, இரவு இடுப்பில் கட்டிப் படுத்த ஒரு வெள்ளைத் துண்டைக் காகிதப் பையில் நிலையத்துக்கு எடுத்துவந்து, வீடுகளிலிருந்து வந்த துணி மூட்டை ஒன்றில் செருகினாள். தலைவலி என்று சொல்லி மேசையை இஸ்திரியிடம் விட்டுவிட்டு, நாலு எட்டு தள்ளி நின்று, துணிகளிலிருந்து உதிர்ந்த பொத்தான்களை எண்ணுவது போலப் பாவனை செய்தாள். முறை வந்தது. இஸ்திரி துண்டை மடித்து, ஒரு சாண் தள்ளிப் பிடித்துக் கண்ணை மூடினாள். மூன்று நொடி, ஆறு நொடியாக நீண்டது.

"இது எந்த வீட்டுது?"

"சீட்டு விழுந்துபோச்சு. நீ வாடையச் சொல்லு."

"அடியில மீன் கவிச்சி மாதிரி. ஆனா மீன் இல்ல. மேல பூ சோப்பு. அதுக்கும் மேல வினிகர்." இஸ்திரி கண்ணைத் திறந்தாள். "யாரோ பயந்துபோய்த் துவைச்சிருக்காங்க."

மூக்கம்மா பொத்தான்களை முதலிலிருந்து எண்ணத் தொடங்கினாள்.

இஸ்திரி பென்சிலை எடுத்து எழுதி, சீட்டைத் துண்டில் குத்தி, துண்டை இயந்திரத்துக்குப் போகும் கூடையில் போடாமல் மேசையிலேயே ஓரமாக வைத்தாள். அவள் அந்தப் பக்கம் போனதும் மூக்கம்மா எடுத்துப் பார்த்தாள். "காரணம்: தெரியவில்லை. செய்ய வேண்டியது: தண்ணீரில் போட வேண்டாம். ஆளைக் கேட்கவும்." அட்சரம் பிசகாமல் மூக்கம்மா போட்ட சட்டம். காரணம் தெரியாத வாடையைக் கழுவினால், வாடை போகாது, தடயம்தான் போகும் என்று பத்துப் பேர் முன்னால் பாடம் நடத்தியவள் அவள்.

ஆளைக் கேட்கலாம். ஆள் பதில் சொல்ல வேண்டுமே.

அன்று சாயங்காலம் வீட்டுக்குப் போனபோது புருஷன் கூடத்தில் ஒரு புதுத் தலையணையைக் கட்டிப்பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். அது தலையணை மாதிரியும் இருந்தது, திமிங்கிலக் குட்டி மாதிரியும் இருந்தது. இங்கே ஒன்று சொல்ல வேண்டும்: வாடை வந்த இரண்டாம் வாரமே மூக்கம்மா படுக்கையை மகளின் அறைக்கு மாற்றிவிட்டாள். காரணம் கேட்டவரிடம், "உங்க குறட்டையில மனுஷி தூங்க முடியலை" என்று சொல்லியிருந்தாள். இருபத்தோரு வருடமாக அந்தக் குறட்டையைத் தாலாட்டாகக் கேட்டுத் தூங்கியவள்.

"டாக்டரைப் பாத்துட்டேன்" என்றார் அவர்.

"எதுக்கு? என்ன பண்ணுது உங்களுக்கு?"

"குறட்டைக்குத்தான். அரை நாள் லீவு போட்டேன். ரெண்டு மணி நேரம் வரிசை. வாயைத் திறக்கச் சொன்னாரு, தொண்டையைப் பாத்தாரு. பெருசா ஒண்ணும் இல்லையாம். ஒருக்களிச்சுப் படுத்தாப் போதுமாம், முதுகுப் பக்கம் இதை வச்சுக்கச் சொன்னாரு." திமிங்கிலத்தைத் தட்டிக்காட்டினார். "இனிமே சத்தம் வராது. நீ உள்ள வந்து படு."

"குறட்டைக்குப் போயி யாராவது டாக்டரைப் பாப்பாங்களா?"

"பின்ன? உனக்கு அதுதானே தொந்தரவுன்னு சொன்னே. தொந்தரவுன்னா காட்ட வேண்டியதுதானே. இதுல வெக்கப்பட என்ன இருக்கு?"

மூக்கம்மா சமையலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு, எதையும் கழுவாமல் நின்றாள். இல்லாத நோய்க்கு ஒருவர் வரிசையில் நின்று வாயைத் திறந்து காட்டிவிட்டு வந்திருக்கிறார். இருக்கிற நோய்க்காரி மீன் சந்தை வைத்தியம் பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

சனிக்கிழமை காலை மகளிர் மருத்துவமனைக்குப் போனாள். பெஞ்சுகள் நிறைந்திருந்தன. முன்மேசையில் இருந்த நர்ஸுக்கு, கடலுக்கு அந்தக் கரையில் இருப்பவர்களுக்கும் கேட்கக்கூடிய குரல்.

"என்ன பிரச்சினைம்மா?"

பெஞ்சில் முப்பது காதுகள். மூக்கம்மா குனிந்து, மேசை விளிம்பிடம் சொன்னாள். "என் நாத்தனாருக்கு ஒரு சந்தேகம்."

"சீட்டு நாத்தனார் பேருக்கா, உங்க பேருக்கா?"

"என் பேருக்கே போடுங்க. அவ பேரு ரொம்ப நீளம்."

அவளுக்கு நாத்தனாரே கிடையாது. புருஷன் ஒற்றைப் பிள்ளை. எத்தனையோ உறவு இருக்க, அவசரத்தில் நாக்கு தேடிப் பிடித்த உறவிலும் அந்தச் சொல்லே ஒட்டிக்கொண்டு வந்ததை அவள் நாற்காலியில் உட்கார்ந்த பிறகுதான் கவனித்தாள். தானே சிரித்துவிட்டாள். பக்கத்தில் இருந்த கர்ப்பிணி ஒரு மாதிரியாகப் பார்த்தாள்.

டாக்டரம்மாவுக்கு முப்பத்தைந்து வயது இருக்கும். கதவு சாத்தியதும் பேனாவைத் திறந்தார்.

"சொல்லுங்க. நாத்தனாருக்கு என்ன?"

"நாறுதாம் டாக்டர்."

"எந்த மாதிரி? எத்தனை நாளா? கூட வேற என்ன இருக்கு?"

மூக்கம்மா நிமிர்ந்து பார்த்தாள். இவை அவளுடைய கேள்விகள். அவள் மேசையிலிருந்து யாரோ திருடிக்கொண்டு வந்து இங்கே வைத்துக் கேட்கிறார்கள். அதன் பிறகு வாய் தானாகப் பேசியது. "ஆறு வாரம் டாக்டர். மாசவிலக்கு முடிஞ்ச நாலாம் நாள்லேர்ந்து. கவிச்சி. அழுகின வாடை இல்ல, முடை இல்ல. கடல்மீனை வெட்டின பலகையைச் சோப்புப் போட்டுக் கழுவினா வருமே, அது. காலைல குறைச்சல். வீட்டுக்காரரோட இருந்தா கூடுது, அதனால இப்ப இல்ல. கசிவு தண்ணி மாதிரி, சாம்பல் நிறம். அரிப்பு இல்ல. எரிச்சல் பத்து நாளாத்தான், அது தனிக் கதை. காய்ச்சல் இல்ல, அடிவயித்து வலி இல்ல. நடுவுல ரத்தம் படலை."

டாக்டரம்மா பேனாவை மேசையில் வைத்தார். "நாத்தனாரைப் பத்தி உங்களுக்கு நல்லாத் தெரியுது."

"கூடவே இருக்கறவ டாக்டர்."

"அவங்க வந்து படுத்தாத்தான் பாக்க முடியும். எப்ப வருவாங்க?"

மூக்கம்மா செருப்பைக் கழற்றினாள். "வந்துட்டா."

பரிசோதனைக்கு ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. பஞ்சுக் குச்சியில் எடுத்த கசிவை டாக்டரம்மா ஒரு காகிதப் பட்டையில் தொட்டார். பட்டை நிறம் மாறியது. மூக்கம்மா படுத்தபடியே எட்டிப் பார்த்தாள்.

"இது எங்ககிட்டயும் இருக்கு டாக்டர். கடைசி அலசல் தண்ணில சோப்பு தங்கியிருக்கான்னு பாப்போம். இந்த நிறம்னா புளிப்பு பத்தலைன்னு அர்த்தம்."

"அதேதான்."

"அப்ப நான் வினிகர் ஊத்தினது சரிதானே?"

டாக்டரம்மா திரும்பினார். "எங்க ஊத்தினீங்க?"

தனிக் கதை வெளியே வந்தது. சோப்பு, மருந்துத் தண்ணீர், வாளிக்கு அரை டம்ளர் கணக்கு, எல்லாம். டாக்டரம்மா சிரிக்காமல் கேட்டுக்கொண்டார், அதற்கு அவருக்கு நிறையப் பயிற்சி இருக்க வேண்டும். "உள்ள எப்பவும் நல்ல கிருமிங்க இருக்கும். அந்தப் புளிப்பை உண்டாக்கறதே அதுங்கதான். ஏதோ காரணத்துல அதுங்க குறைஞ்சு, மத்தது பெருகிடுது. அதுதான் இந்த வாடை. ரொம்பப் பேருக்கு வரும், அழுக்கா இருக்கறதால வர்றதில்ல. நீங்க வெளியிலேர்ந்து எதை ஊத்தினாலும், மிச்சம் இருக்கற நல்லதையும் சேத்துத்தான் அலசிட்டுப் போகும். அந்த எரிச்சலும் நீங்க ஊத்தினதாலதான் இருக்கும். உள்ள கழுவவே வேணாம். அது தன்னைத்தானே துவைச்சுக்கற துணி. வெளிய வெறும் தண்ணி போதும்."

பதினான்கு வருடத்தில் தானாகத் துவைத்துக்கொள்ளும் துணி ஒன்றைக்கூட மூக்கம்மா கண்டதில்லை. இருந்தது, தன்னிடமே.

அடுத்து டாக்டரம்மா ஒரு கண்ணாடித் துண்டில் கசிவைத் தடவி, அதன் மேல் ஒரு சொட்டு மருந்து விட்டார். பிறகு அதைத் தன் மூக்குக்குப் பக்கத்தில் கொண்டுபோனார். மூக்கம்மாவுக்கு உடம்பு கூசியது. ஆறு வாரமாக எந்த மூக்குக்குப் பயந்து ஒதுங்கினாளோ, அப்படி ஒரு மூக்கு வலிய வந்து, வெளிச்சத்தில், கடமையாக மோந்து பார்க்கிறது. முகம் சுளிக்கவில்லை. சீட்டில் ஏதோ குறித்துக்கொண்டது.

"இதுவும் மூக்கு வேலைதானா டாக்டர்?"

"பாதி வேலை மூக்குதான்."

"அப்ப ஒண்ணு சொல்லட்டுமா. இழுத்து மோக்காதீங்க. அதுவா வரட்டும்னு விடுங்க."

டாக்டரம்மா இப்போது சிரித்துவிட்டார்.

வேறு தொற்று ஏதும் கூட இருக்கிறதா என்று பார்க்க மாதிரியை ஆய்வகத்துக்கு அனுப்பினார். ஏழு நாளைக்கு மாத்திரை எழுதினார். "மூணாம் நாளே வாடை போயிடும். அதோட நிறுத்திடாதீங்க. ஏழு நாளும் முழுங்கணும். மறுபடி வந்தா மறுபடி வாங்க. வினிகர்கிட்ட போகாதீங்க." கதவுவரை வந்தவளை நிறுத்தி ஒன்று சேர்த்துச் சொன்னார். "அடுத்த தடவை ஆறு வாரம் காத்திருக்கணும்னு இல்ல. புதுசா ஒரு வாடை வந்து நாலஞ்சு நாள்ல போகலைன்னா வந்துடணும். அரிப்பு, எரிச்சல், பச்சையாவோ மஞ்சளாவோ கசிவு இருந்தா அதுவரைக்கும்கூடக் காத்திருக்க வேணாம். அடிவயித்து வலி, காய்ச்சல், நேரங்கெட்ட நேரத்துல ரத்தம், இதெல்லாம்னா அன்னிக்கே. பிள்ளைத்தாச்சிங்களும் அப்படித்தான். நாத்தனார்கிட்ட சொல்லிடுங்க."

"சொல்லிடறேன் டாக்டர்."

அன்று மத்தியானம் புருஷனிடம் விஷயத்தைச் சொன்னாள். அவர் திமிங்கிலத்தை மடியில் வைத்துக்கொண்டு முழுவதும் கேட்டார். "எனக்குத்தான் மூக்கே கிடையாதே. என்கிட்டேர்ந்து ஏன் ஒளிஞ்ச?" என்றார்.

மூக்கம்மாவுக்கு அப்போதுதான் உறைத்தது. உலகத்திலேயே அவள் பயப்படத் தேவையில்லாத ஒரே ஆளிடமிருந்துதான் முதலில் ஓடியிருக்கிறாள். "உங்களுக்கும் சேத்து நான்தானே இத்தனை வருஷமா மோந்துக்கிட்டிருக்கேன். உங்களுக்கு இல்லைங்கறது எனக்கு மறந்தே போச்சு."

"அப்ப என் குறட்டை?"

"அது பாட்டுக்கு இருக்கட்டும்."

திங்கட்கிழமை மேலாளரிடம், அடுத்த வாரம் முதல் அறைக்கு வருவதாகச் சொன்னாள். ஏழு நாள் மாத்திரையில் இரண்டு நாள் முடிந்திருந்தது. செவ்வாய்க்கிழமை காலை கண் விழித்தபோது வாடை போயிருந்தது, பழைய புளித்த மாவு ஆள் ஊரிலிருந்து திரும்பி வந்து திருதிருவென்று நிற்பது மாதிரி இருந்தது. விருந்தும் மருந்தும் மூன்று நாள் என்ற பழமொழி அவளுக்கு டாக்டரம்மாவை விடப் பழக்கமானது. மாத்திரை அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் பழமொழியோடு வாதாடினாள். கடைசியில் டாக்டரம்மா ஜெயித்தார். ஆய்வகத்திலிருந்தும் வேறு ஒன்றும் இல்லை என்று வந்தது.

இப்போது மோப்ப அறையில் அவளும் இஸ்திரியும்தான். முதல் நாள் கதவு சாத்தியதும் மூக்கம்மா முதல் விரிப்பை எடுத்து மடித்தாள். "அந்தத் துண்டுக்காரி டாக்டரைப் பாத்தாளா?" என்று கேட்டாள் இஸ்திரி. "பாத்தா." "என்னவாம்?" "பயந்து துவைச்சதுதான் தப்பாம்." "அதைத்தானேடி நானும் சொன்னேன்" என்றாள் இஸ்திரி, அடுத்த விரிப்பை எடுத்தபடி. "எனக்கு யாரு டாக்டர் பட்டம் குடுக்கறா."

மூக்கம்மாவிடம் தலைக்கனம் குறைந்திருக்கும் என்று நினைப்பவர்களுக்கு அவளைத் தெரியாது. முன்பு துணிக்கு மட்டும் நடத்திய பாடத்தை இப்போது உடம்புக்கும் நடத்துகிறாள். சாப்பாட்டு வட்டத்தில் யாராவது வாசனைத் துடைப்பான் பாக்கெட்டைப் பையிலிருந்து எடுத்துவிட்டால் தொலைந்தது. "அது எதுக்குடி? மேல சொறிஞ்சுக்கவா?" என்று தொடங்கி, நல்ல கிருமி, கெட்ட கிருமி, புளிப்புப் பட்டை என்று சாப்பாடு ஆறும்வரை விடமாட்டாள். தானே கண்டுபிடித்த மாதிரிதான் பேச்சு. வினிகர் புட்டியைப் பற்றி மட்டும் அந்தப் பாடத்தில் ஒரு வரியும் கிடையாது. இஸ்திரி அந்த இடம் வரும்போதெல்லாம் தொண்டையைக் கனைப்பாள். மற்றவர்கள், பாவம், இஸ்திரிக்குச் சளி என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

போன வாரம் மடிப்புப் பிரிவுப் பெண் ஒருத்தி, மடித்த துண்டு அடுக்கோடு அறை வாசலுக்கு வந்தாள். அடுக்கை வைத்துவிட்டுப் போயிருக்கலாம், போகவில்லை. ஒரு கை தூரம் விட்டு, கதவை முதுகால் திறந்தபடி பிடித்துக்கொண்டு நின்றாள். மேலே இருந்த துண்டின் மடிப்பை நீவினாள். சரியாக இருந்த மடிப்பை இன்னொருமுறை நீவினாள். இஸ்திரி எழுந்து, தண்ணீர் குடித்துவிட்டு வருவதாகச் சொல்லி வெளியே போனாள். மூக்கம்மா பெஞ்சில் நகர்ந்து இடம் விட்டு, அந்தப் பெண்ணின் மணிக்கட்டைப் பிடித்துத் தன் பக்கத்தில் இழுத்து உட்கார வைத்தாள். பிடித்த கையை விடாமலே, காலை நீட்டி, பாதத்தால் கதவைத் தள்ளிச் சாத்தினாள்.